கிரேஹவுண்டை வாசலில் கட்டாதீர்கள்

எங்கள் வீட்டில் கிரேஹவுண்ட் நாய் இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "காவலுக்கு ஆகுங்களா?" என்பதுதான். ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் பெரும்பாலும் காவலுக்காகத்தான் நாய் வாங்குகிறார்கள். வீடுகள் ஊருக்குள் சேர்ந்து இருப்பதில்லை, தோட்டத்துக்குத் தோட்டம் தள்ளித் தள்ளி இருக்கின்றன. பிள்ளைகள் திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் வேலைக்குப் போய்விட, பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் ராத்திரி தனியாக இருக்கிற தோட்டத்து வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்பது நியாயமான தேவைதான். அந்தத் தேவைக்கு, உயரமாகவும் மிரட்டலாகவும் தெரிகிறதே என்று இந்த நாயை வாங்கி, வாசல் வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஆறு மாதத்தில் "இது சரியில்லாத நாய், ராத்திரி பூராவும் அழுகுது, கிட்டப் போனா கடிக்க வருது" என்று யாருக்காவது தள்ளிவிடப் பார்க்கிறார்கள். அப்படிக் கைமாறிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன். நாயின் குணத்தில் கோளாறு இல்லை, அது இருந்த இடம்தான் அதற்கு ஒத்துவரவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கிரேஹவுண்ட் பொன்னி, யாராவது புதிதாக வந்தால் படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாள். பிடித்திருந்தால் எழுந்து போய் அவர்கள் தொடையில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள், பிடிக்காவிட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். குரைப்பது அபூர்வம். தேங்காய் வெட்ட வருகிறவர் ஒருநாள், "ஏனுங் அம்மிணி, இது கொரைக்கவே மாட்டேங்குதுங்களே, ஊமைங்களா?" என்று நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். ஊமையெல்லாம் இல்லை. இந்த இனத்தை யாரும் குரைப்பதற்காக வளர்க்கவில்லை. கண்ணால் பார்த்து, சத்தமில்லாமல் துரத்திப் பிடிக்கிறதற்காகவே பல நூறு வருஷமாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் இது. மனிதனைச் சந்தேகப்படு என்று அதற்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. காவல் எங்களுக்கும் வேண்டியிருக்கிறது, அதற்குச் செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய் வெளியே இருக்கிறது. ராத்திரி வேலியோரம் ஒரு சருகு அசைந்தாலும் அது சொல்லிவிடும். இரண்டுக்கும் நல்ல ஒத்துமை, அதது வேலையை அதது பார்க்கிறது.

சிப்பிப்பாறை, கன்னி வளர்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்வதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவையும் பார்வையால் வேட்டையாடும் நாய்கள்தான், ஒடுங்கிய இடுப்பு, ஆழமான நெஞ்சு, நீண்ட முகம் எல்லாம் ஒரே வார்ப்பு. ஆனால் குணத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. கன்னியும் சிப்பிப்பாறையும் வீட்டுக்காரரிடம் ஒட்டிக்கொண்டு வெளியாளிடம் விலகியே நிற்கும், கொஞ்சம் காவலும் காக்கும். கிரேஹவுண்ட் அப்படியில்லை, அதற்கு ஊரில் எல்லோரும் வேண்டியவர்கள். வேகத்துக்காகச் சிப்பிப்பாறையையும் கிரேஹவுண்டையும் கலந்து போட்ட குட்டிகளைச் சிப்பிப்பாறை என்றே விற்பதும் நடக்கிறது, அதனால் குட்டி வாங்கும்போது தாயையும் தகப்பனையும் நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நிறத்தையும் வாலையும் வைத்துக் குணத்தைச் சொல்ல முடியாது, பெற்றவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதை வைத்து ஓரளவு சொல்லலாம்.

பொன்னி எங்களிடம் குட்டியாக வரவில்லை. பஞ்சாப், அரியானா பக்கம் கிராமங்களில் கிரேஹவுண்ட் பந்தயம் பெரிய விஷயம், அங்கிருந்து தெற்கே விலைக்கு வரும் நாய்கள் நிறைய. அப்படி வந்து, சில காலம் ஓடி, பின்னங்காலில் அடிபட்டு, இனி ஓடாது என்று ஆனபிறகு என் வீட்டுக்காரரின் சிநேகிதர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு முன்னால் அவள் பார்த்ததெல்லாம் தகரக் கொட்டகையும் சங்கிலியும்தான். வெளிநாட்டிலும் கதை இதேதான். 1926-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பெல் வியூவில் இயந்திர முயலைத் துரத்தவிட்டு வட்டப் பாதையில் பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள், அதிலிருந்து ஓட்டம் முடிந்த நாய்களை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மக்கள் 2018-ல் ஓட்டுப் போட்டுப் பந்தயத்தை நிறுத்தச் சொல்லி, 2020 முடிவோடு அங்கே ஓட்டம் நின்றது. அந்த நாய்களையெல்லாம் வீடுகளில் எடுத்து வளர்த்தவர்கள் கவனித்துச் சொன்ன விஷயங்கள் எனக்கு நிறைய உதவியிருக்கின்றன. பந்தயக் கொட்டகையில் வளர்ந்த நாய்க்கு வீடு என்றால் என்னவென்றே தெரியாது என்பது அதில் முக்கியமானது. மாடிப்படி தெரியாது, கண்ணாடி தெரியாது, மின்விசிறி தெரியாது. கிரைண்டர் சத்தத்துக்கு நடுங்கும். மொசைக் தரையில் கால் வைத்ததும் நான்கு காலும் நான்கு பக்கம் போகும், அந்தப் பயத்தில் அப்படியே உறைந்து நின்றுவிடும். இழுக்காதீர்கள். கூடத்தில் ஒரு பழைய ஜமக்காளத்தை வாசலிலிருந்து அது படுக்கிற இடம்வரை விரித்துவிட்டால் போதும், தானாக நடந்து வரும். படி ஏற ஒவ்வொரு காலாக நாம்தான் எடுத்து வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும், பொறுமை இருந்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் விடுவது என்பது எங்கள் பக்கம் லேசான காரியமில்லை. என் மாமியார், "ஏங் கண்ணு, நாயப் போயி ஆசாரத்துல படுக்க வெக்கறதா? நாலு பேரு வந்தா என்ன நெனப்பாங்க?" என்றார். ஆசாரம் என்றால் எங்கள் பக்கம் வீட்டுக் கூடம். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பார்த்த நாய்களெல்லாம் பட்டியிலும் களத்திலும் கிடந்தவை. "சித்த நாளைக்குப் பார்க்கலாங்க அத்தை, சரிப்படலைன்னா வெளிய மாத்திக்கலாம்" என்றேன். சமையலறைக்கும் சாமி அறைக்கும் வரக்கூடாது, ஆசாரத்தில் ஒரு மூலை அவளுக்கு என்று முடிவானது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த எல்லையை அவள் மீறியதே இல்லை. கிரேஹவுண்டுக்கு வீட்டுச் சுத்தம் சீக்கிரம் வந்துவிடும், முடி குறைவு, நாற்றம் குறைவு, ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் தூங்கும். இத்தனை வேகமான நாய் இவ்வளவு தூங்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. மல்லாக்கப் படுத்து நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்குகிறது என்றால் அது அந்த இடத்தில் பயமில்லாமல் இருக்கிறது என்று அர்த்தம். சந்தோஷத்தில் பல்லைக் கடகடவென்று தந்தியடிக்கும், அதைப் பார்த்துக் கடிக்க வருகிறது என்று சின்னப் பிள்ளைகள் பயப்படக்கூடும், முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

படுக்கை கட்டாயம் வேண்டும். உடம்பில் கொழுப்பே கிடையாது, தோலுக்கு அடியில் உடனே எலும்பு. சிமெண்டுத் தரையில் படுத்தால் முழங்கை, இடுப்பு எலும்பு இரண்டும் புண்ணாகிவிடும். பழைய இலவம்பஞ்சு மெத்தையை மடித்துப் போட்டு மேலே துவைக்கிற மாதிரி ஒரு உறை போட்டால் போதும். உட்காரச் சொல்லிப் பழக்க வேண்டாம், தொடைச் சதையின் அமைப்பால் நிறைய கிரேஹவுண்டுகளுக்கு உட்காருவது சுகமாக இருப்பதில்லை. நிற்கும், அல்லது படுக்கும்.

தூக்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், இதில்தான் குழந்தைகளுக்குக் கடி படுகிறது. தனிக் கொட்டகையில் வளர்ந்த நாயை அது தூங்கும்போது யாரும் தொட்டதே இல்லை. அதுவும் போக, கிரேஹவுண்டுகள் கண்ணைப் பாதி திறந்தபடியே தூங்கும், விழித்திருக்கிறது என்று நினைத்து நாம் குனிந்து தலையைத் தடவுவோம். அது திடுக்கிட்டு எழுந்து, யாரென்று தெரிவதற்கு முன்னாலேயே வாயால் ஒரு கவ்வுக் கவ்விவிடும். அடுத்த நொடியில் அதுவே பயந்து ஒடுங்கிப்போகும். இது கெட்ட குணம் இல்லை, ஆனால் கன்னத்தில் பட்ட பல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: படுத்திருக்கிற பொன்னியிடம் யாரும் போகக்கூடாது, தூரத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவள் எழுந்து வந்தால்தான் தொடலாம். சட்டம் பையனுக்கு மட்டும் இல்லை, வருகிற விருந்தாளிக்கும்தான். அவள் படுக்கை நடமாட்டம் இல்லாத மூலையில் இருப்பதும் இதற்காகத்தான். கட்டிலில் கூடப் படுக்கவைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதல் சில மாதம் அந்த ஆசையைத் தள்ளிப்போடுங்கள். இன்னொன்று, நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது அது நமக்குக் கொடுக்கிற எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும்.

இப்போது கட்டிப்போட்ட நாயின் விஷயத்துக்கு வருகிறேன். என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, அவர் வீட்டில் ஒரு கறுப்பு ஆண் கிரேஹவுண்ட். மாட்டுக் கொட்டகை ஓரம் சங்கிலியில் இருந்தது. ஆள் போனால் சுற்றிச் சுற்றி ஓடும், தட்டு வைக்கிற கையைப் பார்த்து உறுமும், ராத்திரியில் ஊளையிடும். குடும்பத்தோடு வெளியூர் போகவேண்டி வந்தபோது நங்கையா (அண்ணன் மனைவி) அதை எங்களிடம் விட்டுப் போனார், "பாத்துக்குங்க அம்மிணி, இது ஒரு மாதிரியான நாயி" என்று எச்சரித்துத்தான் விட்டார். நாங்கள் ஒன்றும் வித்தை செய்யவில்லை. ஆசாரத்தில் இன்னொரு மெத்தை போட்டோம், அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் மூலையை விட்டு நகரவில்லை. அப்புறம் பொன்னி போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனது, அவள் தூங்கினால் தூங்கியது, ஊளை நின்றது, தட்டு வைக்கும்போது வாலை ஆட்டியது. வாசலில் கட்டியிருக்கும்போது அதற்கு வெயில், கொசு, தெருநாய் எதிலிருந்தும் ஒதுங்க இடமில்லை, மனுசச் சத்தம் உள்ளே கேட்கிறது, ஆனால் போக முடியவில்லை. ஒரு நாட்டு நாய் அதைத் தாங்கும், ஏனென்றால் அதற்கு வெளி உலகம்தான் வீடு. கிரேஹவுண்ட் தாங்காது. ஆள் துணை இல்லாமல் அது இருக்காது. அண்ணன் திரும்பி வந்து பார்த்துவிட்டு நாயை இப்போது திண்ணைக்கு உள்பக்கம் படுக்கவைத்திருக்கிறார்.

கட்டுவதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. இந்த நாய் நின்ற இடத்திலிருந்து நான்கைந்து பாய்ச்சலில் முழு வேகத்துக்கு வந்துவிடும், முழு வேகம் என்றால் மணிக்கு 70 கிலோமீட்டர் அளவுக்குப் போகும். நீளமான சங்கிலியில் கட்டியிருக்கும்போது எதிரில் ஒரு பூனை ஓடினால், சங்கிலி முடிகிற இடத்தில் அந்த வேகம் முழுவதும் கழுத்தில்தான் இறங்கும். கழுத்தெலும்பு முறிந்து போகும். நடக்கக் கூட்டிப்போகும்போதும் நீளமான கயிறு வேண்டாம், இதே காரணம்தான்.

துரத்துகிற குணத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் ஒளிக்காமல் சொல்வது, அதை மாற்ற முடியாது. வீட்டுக்குள் இவ்வளவு சாதுவான நாய், தூரத்தில் ஏதோ ஒன்று ஓடுவதைக் கண்டதும் காதை விறைத்து, கழுத்தை நீட்டி, உடம்பில் ஓர் அசைவும் இல்லாமல் ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடிதான் நமக்குக் கிடைக்கிற நேரம். அதற்கப்புறம் பேர் சொல்லிக் கத்தினாலும் கேட்காது. பிடிவாதமோ கீழ்ப்படியாமையோ இல்லை, அந்த நேரத்தில் அதன் காது வேலை செய்வதே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எவ்வளவு பழக்கினாலும், எத்தனை வருஷம் ஆனாலும், வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

நம் ஊர் அமைப்புக்கு இது இரட்டிப்பு ஆபத்து. முதலில் கிணறு. தோட்டத்துக்குத் தோட்டம் பெரிய வெட்டுக் கிணறுகள், பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரே இல்லை. மயிலைத் துரத்திக்கொண்டு முழு வேகத்தில் போகிற நாய்க்குக் கிணறு கண்ணில் படாது. அடுத்தது கிளுவை வேலி. காங்கேயம் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி உயிர்வேலியாக முள்கிளுவை நிற்கும், மாடும் ஆடும் தாண்டாமல் இருக்க அது அருமையான வேலி. நாட்டு நாய் குனிந்து சந்து பார்த்து நுழையும். கிரேஹவுண்ட் நேராகப் பாயும், தோல் காகிதம் மாதிரி கிழிந்துவிடும். தொடையிலிருந்து வயிறுவரை கிழிந்து தையல் போட்ட நாயை நான் பார்த்திருக்கிறேன், அது கத்தவே இல்லையாம், துரத்தி முடித்துத் திரும்பி வந்த பிறகுதான் ரத்தமே தெரிந்திருக்கிறது. முள்கம்பி இன்னும் மோசம். நாங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பக்கத்தை மட்டும் ஆறடிக்குக் கம்பி வலை போட்டு அடைத்திருக்கிறோம், கிணறு அந்த அடைப்புக்கு வெளியே. சொட்டுநீர்க் குழாய், பழைய வாய்க்கால் பள்ளம், நட்டுவைத்த கல் எல்லாவற்றையும் எடுத்து மண்ணைச் சமன் செய்தோம். கொழுக்கட்டைப் புல் முளைத்த செம்மண் தரை காலுக்கு நல்லது, நெருஞ்சி மட்டும் பார்த்துப் பிடுங்கிவிட வேண்டும். தேங்காய்க் களம் விசாலமாக இருக்கிறதே, சுவரும் இருக்கிறதே என்று சிலர் அங்கே ஓடவிடுகிறார்கள், வேண்டாம், அந்த வேகத்தில் சிமெண்டில் திரும்பும்போது பாதத் தோல் உரியும், விரல் பிசகும்.

கழுத்துப் பட்டை விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் நாய் தொலைந்துபோவது பெரும்பாலும் இதில்தான். கிரேஹவுண்டின் தலை கழுத்தைவிட ஒடுக்கம். சாதாரணப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் பின்னால் இழுத்தால் தலை கழன்றுவிடும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகி, விட்டால் தளர்கிற மாதிரி இரண்டு வளையம் வைத்த மார்ட்டிங்கேல் பட்டை என்று இருக்கிறது, அதுதான் வேண்டும், இரண்டு அங்குல அகலமாவது இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் படத்தைக் காட்டிப் பை தைக்கிறவரிடம் கான்வாஸ் நாடாவில் தைத்துக்கொள்ளலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வீட்டில் வேறு ஜீவன்கள் இருந்தால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கோழிக்கும் இதற்கும் ஒத்துவராது, கோழியை அடைத்தாக வேண்டும் அல்லது நாயை அடைத்தாக வேண்டும். ஆட்டுக்குட்டி துள்ளாமல் நிற்கும்வரை பிரச்சினை இல்லை, ஆனால் எந்த ஆட்டுக்குட்டி துள்ளாமல் இருக்கும்? மாடு, எருமையை அது கண்டுகொள்வதில்லை, எங்கள் காங்கேயம் காளை பெருமூச்சு விட்டாலே பொன்னி தூரமாகப் போய்விடுவாள். பூனை விஷயம் நாய்க்கு நாய் மாறும். எங்கள் வீட்டுப் பூனையும் அவளும் ஆசாரத்தில் ஒரே மெத்தையில் கிடப்பார்கள், ஆனால் அதே பூனை வெளியே களத்தில் ஓடினால் அவளுக்கு அது வேறு பிராணி. இதை நம்பாமல் "அதுதான் பழகிடுச்சே" என்று வெளியே விட்டுப் பூனையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. மயிலும் முயலும் வேறு இருக்கின்றன. விடிகாலையில் எங்கள் தோட்டத்தில் மயில் இல்லாத நாள் கிடையாது. மயில் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, காட்டுமுயலுக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. முயல் பிடிக்க இந்த நாயைக் கூட்டிப்போகிற வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. சட்டப்படி அது குற்றம், வழக்கு வந்தால் நாயும் போகும் நாமும் போவோம். அதைவிட, அப்படிப் பழகிய நாயை வீட்டு நாயாகத் திருப்புவது ரொம்பச் சிரமம்.

ஓட்டம் எவ்வளவு வேண்டும் என்றால், நினைப்பதைவிடக் குறைவுதான். காலை, மாலை ஒரு நடை, அடைத்த இடத்தில் ஒரு ரெண்டு நிமிஷ ஓட்டம், அப்புறம் தூக்கம். ஓட்டத்தைப் பொழுது கிளம்புவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் ஓட்டமே வேண்டாம், நடை மட்டும் போதும். உடம்பெல்லாம் சதை, ஓடும்போது சூடு சட்டென்று ஏறும், இறங்க நேரமாகும். நாக்கு அகலமாகத் தொங்கி, நடை தள்ளாடினால் தொட்டித் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றிக்கொண்டே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். அதே நாய் மார்கழிப் பனியில் நடுங்கும். ஆடிக் காற்றில் மழைத்தூறல் சேர்ந்தாலும் நடுங்கும். பழைய கம்பளிச் சட்டையின் கையை வெட்டிப் போட்டுவிடுங்கள், அழகு பார்க்காமல்.

மருத்துவரிடம் போகும்போது இனத்தைச் சொல்லாமல் விடாதீர்கள், இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். முதலாவது மயக்க மருந்து. தயோபென்டோன் வகை மருந்துகளை மற்ற நாய்களின் ஈரல் உடைக்கிற வேகத்தில் கிரேஹவுண்டின் ஈரல் உடைக்காது, அதைத் தேக்கிவைக்கக் கொழுப்பும் இல்லை, அதனால் மற்ற நாய்களைப் போல எடைக் கணக்கில் கொடுத்தால் மயக்கம் தெளிய ரொம்ப நேரமாகும், உயிருக்கே ஆபத்தாகலாம். குடும்பக் கட்டுப்பாட்டுக்கோ பல் சுத்தம் செய்யவோ போனால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டாவது ரத்தப் பரிசோதனை. எங்கள் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம், ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருந்தால் உடனே அந்தச் சந்தேகம்தான் வரும், வரவும் வேண்டும். ஆனால் கிரேஹவுண்டுக்கு இயல்பிலேயே தட்டணு மற்ற நாய்களைவிடக் குறைவு, சிவப்பணு அளவு அதிகம், தைராய்டு அளவும் குறைவாகக் காட்டும். பொன்னிக்கு ஒருமுறை தட்டணு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே என்று வந்தது. காய்ச்சல் இல்லை, சாப்பாடு நன்றாக எடுக்கிறாள், ஈறு நல்ல சிவப்பு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம், ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துவிட்டு உண்ணிக் கிருமி இல்லை, இந்த இனத்துக்கு இது இயல்புதான் என்றார்கள். நாய் ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒருமுறை ரத்தம் பார்த்து அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டால், பின்னால் நிஜமாகவே நோய் வரும்போது ஒப்பிட உதவும். உண்ணி மருந்தை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். மூன்றாவது, வால். நீண்ட மெல்லிய வாலைச் சந்தோஷத்தில் நிலைக்கதவில் அடித்து அடித்து நுனி உடைந்து ரத்தம் தெறிக்கும், ஆறவே ஆறாது, கட்டுப் போட்டு விட வேண்டும்.

வலி தாங்காத நாய் என்று ஒரு பேச்சு உண்டு. ஊசி போட்டால் ஊரே கேட்கக் கத்தும், முள் குத்தினால் காலைத் தூக்கிக்கொண்டு அலறும், அது உண்மைதான். ஆனால் நாள்பட்ட வலியைக் காட்டாது. வயதான கிரேஹவுண்ட் தொடர்ந்து ஒரு காலைத் தாங்கி நடந்தால், அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள், இந்த இனத்துக்கு எலும்புப் புற்றுநோய் வருகிற வாய்ப்பு அதிகம்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. கோழிக்கறி, முட்டை, கொஞ்சம் ராகிக் களி அல்லது சோறு, காய் வேகவைத்தது, இரண்டு வேளையாகப் பிரித்து. நெஞ்சு ஆழமான நாய் என்பதால் வயிறு நிறையச் சாப்பிட்டு ஓடினால் வயிறு உப்பித் திருகிக்கொள்ளும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தட்டு வைக்காதீர்கள். விலா எலும்பு கடைசி இரண்டு மூன்று தெரிவது இதற்குச் சரியான உடம்பு. "பட்டினி போடறீங்களா" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும்.

தீபாவளி நோம்பியும் மாரியம்மன் கோயில் நோம்பியும் இதற்குக் கஷ்டமான நாட்கள். வேட்டுச் சத்தத்துக்கு மதிலைத் தாண்டி ஓடிய நாய்கள் உண்டு, ஓடினால் எந்தப் பக்கம் போயிற்று என்று நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். சாயங்காலமே வெளிவேலையை முடித்து, உள்ளறையில் மின்விசிறியை வேகமாக வைத்து, யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என் மாமியாருடையது. ஆசாரத்தில் நாயா என்று கேட்டவர், வேட்டு முடிகிறவரை அவள் முதுகில் கைவைத்தபடி உட்கார்ந்திருப்பார். பகலிலும் தனியாக விட்டால் இந்த இனம் ஏங்கும், எல்லோரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. பெரியவர் யாராவது வீட்டோடு இருக்கிற குடும்பத்துக்கு இது ரொம்பப் பொருத்தம், இழுக்காது, தாவாது, அவர் நடக்கிற வேகத்துக்கே நடக்கும்.

எடுப்பதென்று முடிவு செய்துவிட்டால், குட்டியைவிட வளர்ந்த நாயை முதலில் யோசியுங்கள், ஓட்டம் முடிந்து இடமில்லாமல் நிற்கிறவை இருக்கின்றன, குணமும் ஏற்கெனவே தெரிந்துவிடும். எடுப்பதற்கு முன்னால் வீட்டுப் பெரியவரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரண்டு முறையாவது போய்ப் பாருங்கள். பாதத்தைத் தொட்டால் என்ன செய்கிறது, தட்டில் சாப்பிடும்போது கிட்டப் போனால் என்ன செய்கிறது, கயிற்றில் பிடித்தபடி தூரத்தில் ஒரு கோழியைக் காட்டினால் கண்ணைத் திருப்ப முடிகிறதா, எல்லாம் பாருங்கள். கோழியைப் பார்த்து அது மற்ற எதையும் மறந்து நின்றால், பூனை இருக்கிற வீட்டுக்கு அந்த நாய் வேண்டாம். வீட்டுக்கு வந்தபிறகு முதல் இரண்டு வாரம் விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள். படுக்கை, தண்ணீர், ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே வழியில் நடை, இவ்வளவு போதும். சிலது வாலாட்டவே ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும்.